மூன்றாவது குற்றச்சாட்டு

பேராக் மாநிலத்தில், ஈப்போ நகருக்குத் தென்மேற்கே பாப்பான் என்னும் சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் ஈயத் தொழிலால் செழித்திருந்த ஊர் அது. இன்று அதன் முதன்மைத் தெருவில் பல கடைவீடுகள் ஆளரவமற்றுப் பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றின் சுவர்களைப் பிளந்துகொண்டு மரங்கள் வளர்ந்துள்ளன. ஆனால், அத்தெருவில் உள்ள 74ஆம் எண் வீட்டை மட்டும் தேடிக்கொண்டு வெளியூர்களிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவ்வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு குழி உள்ளது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அக்குழிக்குள் ஒரு வானொலிப் பெட்டி மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவ்வீட்டில் வாழ்ந்த ஒரு தாதியின்மீது ஜப்பானிய ஆட்சியாளர்கள் மூன்று குற்றங்களைச் சுமத்தினர். எதிரிகளோடு சேர்ந்து உளவு பார்த்தார் என்பது முதல் குற்றச்சாட்டு. காட்டில் மறைந்திருந்த போராளிகளுக்கு மருத்துவம் பார்த்தார் என்பது இரண்டாவது. வானொலிப் பெட்டி வைத்திருந்தார், எதிரி நாட்டு ஒலிபரப்பைக் கேட்டார், கேட்ட செய்திகளைப் பிறருக்குப் பரப்பினார் என்பது மூன்றாவது. அந்தத் தாதியின் பெயர் சிபில் கார்த்திகேசு.

செய்தி கேட்பது ஒரு குற்றமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். அன்று ஒரு வானொலிப் பெட்டி உயிரையே பறிக்கக்கூடிய பொருளாக இருந்தது. அதற்கான காரணத்தை அறிய, அம்மையாரின் வாழ்க்கையோடு அந்தப் பெட்டியைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இளமையும் இல்லறமும்

சிபில் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்திரா தீவிலுள்ள மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரும் அவர் பெயரோடு சேர்ந்து சிபில் மேடான் டேலி என்றானது. ஐரோப்பிய, ஆசியக் கலப்புக் குடும்பம் அவருடையது. தந்தை தோட்டத் துரையாகப் பணியாற்றியவர்; தாயார் மருத்துவச்சி. தாயாரின் வழியைப் பின்பற்றிச் சிபிலும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். கத்தோலிக்க சமயத்தில் அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. சீனர்கள் பேசும் கண்டோனிய மொழியையும் அவர் சரளமாகப் பேசினார். இம்மொழியறிவு பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் துணையாக அமைந்தது.

1919ஆம் ஆண்டு, கோலாலம்பூர் புக்கிட் நானாஸில் உள்ள புனித ஜான் தேவாலயத்தில் சிபிலுக்கும் மருத்துவர் அப்டன் கிளமென்ட் கார்த்திகேசுவுக்கும் திருமணம் நடந்தது. மருத்துவர் கார்த்திகேசு இலங்கைத் தமிழர் மரபில் வந்தவர். 1926இல் இவ்விணையர் ஈப்போ புருஸ்டர் சாலையில், 141ஆம் எண் கட்டடத்தில் மருந்தகம் ஒன்றைத் திறந்தனர். இன்று அச்சாலை சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை என்று அழைக்கப்படுகிறது.

கணவர் நோயாளிகளைப் பார்ப்பார். மனைவி மருந்து கொடுப்பதையும் பிரசவம் பார்ப்பதையும் கவனித்துக்கொள்வார். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று எல்லா இனத்தவரும் அங்கு வந்தனர். ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்த மருந்தகம் ஈப்போ மக்களுக்குத் தொண்டாற்றியது.

வானொலி மலாயாவுக்கு வருகிறது

இதே காலக்கட்டத்தில்தான் வானொலியும் நம் நாட்டில் காலூன்றத் தொடங்கியது. 1921ஆம் ஆண்டு, ஜொகூர் அரசாங்கத்தில் மின்துறை அதிகாரியாக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் மலாயாவுக்கு முதன்முதலில் ஒரு வானொலிப் பெட்டியைக் கொண்டு வந்தார். அதன் பிறகு, ஆர்வலர்கள் ஒன்றுகூடி வானொலிக் கழகங்களை அமைத்தனர். 1932ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இலண்டன் பி.பி.சி. நிறுவனம் கடல் கடந்த நாடுகளுக்காகச் சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று முதல், மலாயாவில் அமர்ந்தபடியே இலண்டன் செய்தியைக் கேட்கும் வாய்ப்பு உண்டானது.

அக்கால வானொலிப் பெட்டியின் உயிர்நாடி வெற்றிடக் குழாய் ஆகும். மக்கள் அதனை வால்வு என்று அழைத்தனர். பார்ப்பதற்குச் சிறிய மின்விளக்கு போல் இருக்கும். கண்ணாடிக் குமிழுக்குள் இருந்த காற்று முழுவதும் வெளியேற்றப்பட்டிருக்கும். உள்ளே மெல்லிய இழை ஒன்று சூடாகி ஒளிரும். சூடான இழையிலிருந்து மின்னணுக்கள் வெளியேறி, எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாயும். இழைக்கும் தகட்டுக்கும் இடையில் கம்பி வலை ஒன்று இருக்கும். வானலையிலிருந்து வரும் மிக நுண்ணிய மின்னழுத்தம் இந்த வலையை அடையும்போது, தகட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடும் அல்லது குறையும். சிறிய மதகைத் திருப்பிப் பெரிய வாய்க்காலின் நீரைக் கட்டுப்படுத்துவதைப் போன்றது இது. இவ்வாறு, வலுவற்ற குறிப்பலை வலுவுள்ளதாக மாறுகிறது.

ஆனால், ஒரு வால்வு தரும் வலிமை போதுமானதாக இல்லை. தொலைதூர நிலையத்தின் ஒலி காதுக்கு எட்டாமல் போனது. வால்வுகளோ விலை மிகுந்தவை. ஒவ்வொன்றையும் இயக்க மின்கலங்கள் தேவைப்பட்டன. இழையைச் சூடாக்க ஒரு மின்கலம். தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் தர வேறு மின்கலம். வால்வுகளைக் கூட்டினால் செலவும் கூடியது.

இச்சிக்கலுக்கு 1912ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் இளைஞர் தீர்வு கண்டார். கொலம்பியா பல்கலைக்கழக மாணவரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்பவரே அவர். வால்விலிருந்து வலுப்பெற்று வெளியே வரும் குறிப்பலையின் ஒரு பகுதியை மீண்டும் அதே வால்வின் நுழைவாயிலுக்கே அவர் அனுப்பினார். அது இரண்டாம் முறை வலுப்பெற்றது. அதன் ஒரு பகுதி மீண்டும் உள்ளே சென்று மூன்றாம் முறை வலுப்பெற்றது. இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். ஒரே வால்வு பல வால்வுகளின் வேலையைச் செய்தது.

கணக்கில் இதனைப் பார்ப்போம். ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்பது பங்கு திரும்பி வருவதாகக் கொள்வோம். முதலில் 1, பிறகு 0.9, பிறகு 0.81 என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் 10 மடங்கை நெருங்கும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு திரும்பி வந்தால் அது 100 மடங்கை நெருங்கும். முழுப் பங்கும் திரும்பி வந்துவிட்டால் கட்டுப்பாடு போய்விடும். வெளியிலிருந்து குறிப்பலை வராவிட்டாலும் வால்வு தானாகவே அதிரத் தொடங்கும்.

தொடக்ககால வானொலிகள் பல இந்த வசதி இல்லாமல் விற்கப்பட்டன. ஆகவே, பின்னூட்டத்துக்கு வேண்டிய துணைக்கருவியைத் தனியே வாங்கியோ தாமே செய்தோ இணைத்துக்கொள்வது ஆர்வலர்களின் வழக்கமாக இருந்தது. அதன் முக்கியப் பகுதி ஒரு சிறிய கம்பிச் சுருள். வால்வின் தகட்டிலிருந்து காதொலிப்பானுக்குச் செல்லும் கம்பியின் இடையே இச்சுருளை இணைப்பார்கள். பிறகு, நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் பெரிய சுருளின் அருகே இதனைக் கொண்டு வருவார்கள். இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு வேண்டியதில்லை. ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றைத் தூண்டும். நெருங்க நெருங்கப் பின்னூட்டம் கூடும். விலக விலகக் குறையும். சுருளின் இரு முனைகளையும் மாற்றி இணைத்துவிட்டால், ஒலி கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துவிடும். அப்போது முனைகளை இடம் மாற்றினால் போதும்.

இக்கருவியைக் கையாளப் பொறுமை தேவை. குமிழை மெல்லத் திருப்பும்போது, புதைந்து கிடந்த ஒலி சிறிது சிறிதாக மேலெழும்பும். அருகருகே உள்ள நிலையங்களும் தெளிவாகப் பிரிந்து ஒலிக்கும். தானாக அதிர்வதற்குச் சற்று முன்னுள்ள நிலையே மிகச் சிறந்த நிலை. அதைத் தாண்டி மயிரிழை திருப்பினாலும் பெட்டி கீச்சிடும். அந்நேரத்தில் அது ஒலி வாங்கும் கருவியாக மட்டும் இருக்காது. வான்கம்பி வழியாக அலைகளை வெளியே அனுப்பும் சிறு நிலையமாகவும் மாறிவிடும். அக்கம்பக்கத்து வானொலிகளிலும் அந்தக் கீச்சொலி கேட்கும். அதனால், அண்டை வீட்டார்களுக்கிடையே மனத்தாங்கல் ஏற்பட்டதும் உண்டு.

1930களில் கடைகளுக்கு வந்த பெட்டிகளில், இதே ஆம்ஸ்ட்ராங் பின்னர்க் கண்டுபிடித்த மற்றொரு முறை பரவலாகக் கையாளப்பட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணைச்சுருள் மறைந்தது. ஆயினும், அப்பெட்டிக்குள்ளும் ஒரு வால்வு பின்னூட்டத்தால் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. பழைய முறையும் அழிந்துவிடவில்லை. போர்க்காலத்தில் ஜப்பானியரின் சிறை முகாம்களில் அடைபட்டிருந்த வீரர்கள், கிடைத்த ஓரிரு வால்வுகளையும் கம்பிகளையும் கொண்டு இம்முறையிலேயே இரகசிய வானொலிகளை உருவாக்கினர்.

போர் மூள்கிறது

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. அடுத்த சில நாள்களில் ஈப்போவின்மீது குண்டுகள் விழுந்தன. மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் ஓடினர். டிசம்பர் மாத இறுதியில் ஈப்போ ஜப்பானியர் கைக்குச் சென்றது. அதற்குச் சில நாள்கள் முன்பே, கார்த்திகேசு குடும்பத்தினர் பாப்பானுக்குக் குடிபெயர்ந்து, 74ஆம் எண் வீட்டில் தங்கினர்.

பாப்பானில் சீனர்களே மிகுதியாக வாழ்ந்தனர். அம்மையார் அவர்களின் மொழியில் பேசினார். நோயுற்றவர்களுக்கு மருத்துவம் பார்த்தார். ஏழைகளிடம் பணத்தை எதிர்பார்க்கவில்லை. ஊர் மக்கள் அவரை மிஸ்ஸி என்று அன்போடு அழைத்தனர்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரும் வீழ்ந்தது. மலாயாவின் கடிகாரங்கள்கூடத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டன. நாளேடுகளும் வானொலி நிலையங்களும் ஜப்பானியரின் கட்டுப்பாட்டில் வந்தன. அவர்கள் சொல்வதே செய்தி என்றானது. 1942 ஜூன் மாதம் மிட்வே தீவுக்கு அருகே நடந்த கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ஆனால், அது ஜப்பானின் வெற்றி என்றே மக்களுக்கு அறிவிக்கப்பட்டது.

இந்தப் பொய்யை உடைக்கக்கூடிய ஒரே பொருள் சிற்றலை வானொலிதான். மத்திய அலை நிலத்தை ஒட்டிச் சென்று சில நூறு கிலோமீட்டரில் வலுவிழந்துவிடும். இரவில் சற்றுக் கூடுதலான தொலைவு செல்லும். சிற்றலையோ வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும். மீண்டும் தரையில் பட்டு மேலே எழும்பும். இப்படித் தாவித் தாவி ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடந்துவிடும். இலண்டனின் குரல் இவ்வாறே மலாயாவை எட்டியது.

ஆகையால், மக்கள் தங்கள் வானொலிகளைப் பதிவு செய்ய வேண்டும், சிற்றலையைக் கேட்கும் பகுதியை நீக்கிவிட வேண்டும் என்று ஜப்பானியர் ஆணையிட்டனர். உள்ளூர் நிலையத்தை மட்டுமே கேட்க முடியும்படி பெட்டிகள் முடமாக்கப்பட்டன. சிற்றலைக்கான சுருளுக்குச் சில சுற்றுக் கம்பியே போதும் என்பதால், விவரமறிந்தவர்கள் அதனை மீண்டும் அமைத்துவிட முடியும். இதை அறிந்ததால்தான் தண்டனையைக் கடுமையாக்கினர். சிற்றலை கேட்டுப் பிடிபட்டவர்கள் அடி, உதை, சிறை, மரணம் என எதையும் எதிர்கொள்ள நேர்ந்தது.

கேட்டதும் சொன்னதும்

இத்தகைய சூழலில் கார்த்திகேசு குடும்பத்தினர் சிற்றலை வானொலியை வைத்துக்கொண்டனர். மாடிப்படிக்குக் கீழே தோண்டிய குழியில் அதனை மறைத்தனர். இரவில் வீட்டார் அதனை வெளியே எடுத்து, ஒலியைத் தாழ்த்தி வைத்து, பி.பி.சி. செய்தியைக் கேட்டனர். வால்வு வானொலி திருகியவுடன் பேசாது. இழைகள் சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் இரைச்சலுக்கு இடையே குரல் தேய்ந்தும் ஓங்கியும் கேட்கும். தெருவில் காலடியோசை கேட்டால் அணைத்துவிட வேண்டும்.

கேட்ட செய்தியைத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தால் அம்மையாருக்கு வந்த ஆபத்து ஒருவேளை குறைந்திருக்கலாம். அவர் அதனை நம்பத்தக்கவர்களிடம் பகிர்ந்தார். 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராட் நகரில் ஜெர்மானியப் படை சரணடைந்தது. அச்சு நாடுகள் வெல்ல முடியாதவை அல்ல என்பதை உலகம் கண்டது. இத்தகைய செய்திகள் அடக்குமுறைக்குள் வாழ்ந்தவர்களுக்கு நம்பிக்கை தந்தன.

உண்மைச் செய்தி கிடைக்காத இடத்தில் மக்கள் எப்படி ஏமாற்றப்பட்டனர் என்பதற்கு நம் தோட்டங்களே சான்று. 1943ஆம் ஆண்டு, சயாம் மரண இரயில் பாதை அமைக்கும் வேலைக்காக மலாயாவின் பால்மரத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். நல்ல சம்பளம், குறுகிய கால வேலை என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் காலராவும் மலேரியாவும் பட்டினியும் காத்திருந்தன என்பது எவருக்கும் தெரியவில்லை. முன்பு சென்றவர்களிடமிருந்து சேதியும் வரவில்லை. சென்றவர்களில் பலர் திரும்பவே இல்லை. பொய்ச் செய்தி உயிரைக் குடிக்கும் என்பதை அத்தோட்டங்களின் லயங்கள் அறிந்துகொண்டன.

காட்டிலிருந்து வந்த நோயாளிகள்

பாப்பானைச் சுற்றியிருந்த காடுகளில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் மறைந்திருந்தனர். காயம்பட்டவர்களும் மலேரியாவால் வாடியவர்களும் இரவில் இரகசியமாக 74ஆம் எண் வீட்டுக்கு வந்தனர். அம்மையாரும் அவருடைய கணவரும் அவர்களுக்கு மருத்துவம் பார்த்தனர், மருந்துகளை அனுப்பினர், வானொலியில் கேட்ட செய்திகளையும் தெரிவித்தனர்.

அப்படையின் அரசியல் கொள்கை வேறு. அம்மையாரின் சமய நம்பிக்கை வேறு. ஆயினும், தம்மைத் தேடி வந்த நோயாளியைத் திருப்பி அனுப்ப அந்தத் தாதியின் மனம் இடம் தரவில்லை.

கைதும் கொடுமையும்

இரகசியம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1943ஆம் ஆண்டு, மருத்துவர் கார்த்திகேசுவும் சிபில் அம்மையாரும் கைது செய்யப்பட்டனர். கெம்பெய்த்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல் படை அம்மையாரை விசாரித்தது. போராளிகள் யார், அவர்கள் எங்கே இருக்கின்றனர், செய்தி யார் யாருக்குச் சென்றது என்பனவே அவர்களுக்குத் தேவைப்பட்ட விவரங்கள்.

அம்மையார் அடிக்கப்பட்டார். பலவகைச் சித்திரவதைகளுக்கு ஆளானார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நடக்கும் ஆற்றலை இழந்தார். பூட்ஸ் காலால் உதைத்ததில் தாடையில் ஏற்பட்ட காயம் கடைசிவரை ஆறவில்லை. உடலை வருத்தியும் பயன் இல்லை என்று கண்ட விசாரணை அதிகாரி, தாயின் மனத்தை உடைக்க முற்பட்டான். ஏழு வயதுகூட நிரம்பாத அல்லது அப்போதுதான் நிரம்பிய இளைய மகள் டான் மரத்தில் கட்டித் தொங்கவிடப்பட்டாள். கீழே தீ மூட்டப்பட்டது. அந்நிலையிலும் அம்மையாரிடமிருந்து ஒருவரின் பெயரையும் அவர்களால் பெற முடியவில்லை. நல்லவேளையாகக் குழந்தை உயிர் தப்பினாள்.

அவர் ஒரு பெயரைச் சொல்லியிருந்தால், அந்தப் பெயருக்குரியவரின் குடும்பமும் அந்த ஊரும் அழிந்திருக்கும். அம்மையார் அதனை அறிந்திருந்தார். ஒரு தாய் எதிர்கொள்ளக் கூடாத தேர்வு அது. அவருடைய மௌனத்தால் பலர் உயிர் பிழைத்தனர்.

பின்னர் வழக்கு நடந்தது. நாம் தொடக்கத்தில் கண்ட மூன்று குற்றச்சாட்டுகளும் சுமத்தப்பட்டன. அம்மையாருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பத்து காஜா சிறையில் அடைக்கப்பட்டார்.

விடுதலையும் மறைவும்

1945 ஆகஸ்ட் மாதம் ஜப்பான் சரணடைந்தது. மூன்று ஆண்டு எட்டு மாத ஆட்சி முடிவுக்கு வந்தது. சிறைக்கதவு திறந்தபோது அம்மையாரால் எழுந்து நடக்க இயலவில்லை. உயர் சிகிச்சைக்காக அவர் விமானம் வழி பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்குத் தம் நினைவுகளை நூலாக எழுதத் தொடங்கினார்.

அவருடைய வீரத்தைப் போற்றி ஜார்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே அரிய துணிவைக் காட்டியவர்களுக்காக 1940ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட பதக்கம் அது. அப்பெருமையை அவர் நெடுநாள் அனுபவிக்கவில்லை. தாடைக் காயத்தின் வழி பரவிய நச்சு அவர் உயிரைக் குடித்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், தமது 48ஆம் வயதில் அம்மையார் பிரிட்டனில் காலமானார். ஜப்பானியர் ஆட்சி முடிந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரைப் பொறுத்தவரை போர் அன்றுதான் முடிந்தது.

முதலில் அவருடைய உடல் ஸ்காட்லாந்தின் லனார்க் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. 1949ஆம் ஆண்டு அது ஈப்போவுக்குக் கொண்டு வரப்பட்டு, புனித மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்கக் கல்லறையில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவரும் கணவரும் பல ஆண்டுகள் மருத்துவத் தொண்டு புரிந்த அதே புருஸ்டர் சாலையில்தான் அக்கல்லறையும் உள்ளது. அவர் எழுதிய நினைவு நூல் 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஈப்போ பேர் பார்க் பகுதியில் ஒரு சாலைக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நாம் கற்பது

மாணவர்களே, இன்று நம் கைப்பேசியில் உலகச் செய்திகள் நொடியில் வந்து சேர்கின்றன. குமிழைத் திருப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. இரைச்சலுக்கு இடையே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால், எது உண்மை, எது பொய் என்று பிரித்தறியும் பொறுப்பு நம்மிடம் இருக்கிறது. உண்மையென்று தெரிந்ததைத் தேவைப்படுபவருக்குச் சொல்லும் பொறுப்பும் இருக்கிறது.

ஒரு கம்பிச் சுருளும் சில வால்வுகளும் தொலைவில் ஒலித்த மெல்லிய குரலைக் காதுக்குக் கேட்கும்படி செய்தன. அதற்கு மேல் அந்தப் பெட்டியால் எதுவும் செய்ய இயலாது. கேட்ட உண்மையைப் பாப்பானின் சந்துகளுக்கும் காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் கொண்டு சேர்த்தவர் ஒரு மனிதர். செய்தி யாருக்குச் சென்றது என்று கேட்டபோது வாய் திறக்காதவரும் அவரே. மூன்றாவது குற்றச்சாட்டில் ஜப்பானியர் எழுதிய அனைத்தையும் அம்மையார் செய்திருந்தார். குற்றமென்று அவர்கள் எழுதி வைத்ததையே தொண்டு என்று இன்று நாம் போற்றுகிறோம்.